வேர்டக்காவின் ரகசிய சாஃப்ட்வேர்

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றின் மூன்றாம் மாடி அலுவலகத்தில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள் வேர்டக்கா. அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது. அங்கே மட்டும்தான் இருக்கிறது. அவளைவிட ஏழு வயது மூத்த ஸ்டோர்காரரிலிருந்து போன மாதம் சேர்ந்த ரிசப்ஷன் பெண் வரைக்கும் எல்லோருக்கும் அவள் வேர்டக்காதான். லிஃப்ட் செய்கிறவர்களிடமிருந்தும் தலைமை அலுவலகத்திலிருந்தும் வருகிற காகிதமெல்லாம் பிடிஎஃப் ஆகத்தான் வரும். கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டிய சாமான் மாதிரி அது. பார்க்கலாம், படிக்கலாம், ஓர் எழுத்தைக்கூட நகர்த்த முடியாது. அதில் தேதியை மாற்ற வேண்டும், விலாசத்தைத் திருத்த வேண்டும் என்றால் முதலில் அதை வேர்டுக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுவருவது அவள் வேலை.

மற்றவர்களும் முயன்று பார்க்காமல் இல்லை. காப்பி செய்து ஒட்டினால் ஒவ்வொரு வரியும் பாதியில் முறிந்து நிற்கும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று தமிழ் எழுத்துகள் திசைக்கொன்றாகப் போய்விடும். அட்டவணை அட்டவணையாக இருக்காது. பக்க எண் அழையா விருந்தாளியாக ஒரு வாக்கியத்தின் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இணையத்தில் இலவசமாக மாற்றித் தருகிற சாஃப்ட்வேரில் போட்டாலோ பத்திக்கு ஒரு பெட்டி. ஒரு பெட்டியைத் தொட்டால் மற்ற ஒன்பதும் அடுத்த பக்கத்துக்கு ஓடும். வேர்டக்கா தருகிற கோப்பில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. பெட்டி இல்லை, முறிவு இல்லை, தலைப்பு தலைப்பாக, பட்டியல் பட்டியலாக இருக்கும். எல்லோரும் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். என்ன சாஃப்ட்வேர் என்று கேட்டவர்களிடம், "அது ஒண்ணு இருக்கு" என்று சொல்லிச் சிரிப்பாள்.

ஒன்றும் இல்லை என்பதுதான் உண்மை. அவள் பார்த்துப் பார்த்து டைப் அடிக்கிறாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும், ஒரு வரி விடாமல்.

ஏமாற்ற வேண்டும் என்று தொடங்கியதல்ல இது. வேலைக்குச் சேர்ந்த அன்று மேலாளர், பிடிஎஃப்பை வேர்டுக்கு மாற்றத் தெரியுமா என்று கேட்டார். அவளுக்குத் தெரியாது. ஆனால் வேலை வேண்டும். தெரியும் என்று சொல்லிவிட்டாள். தொண்ணூறு பக்கக் கையேடு ஒன்றைக் கொடுத்தார். அரை மணி நேரம் காப்பி பேஸ்டோடு மல்லுக்கட்டி, விழி பிதுங்கி, கடைசியில் பேசாமல் ஒரு புதுப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தாள். டைப் அவளுக்குக் கைவந்த கலை. பத்து விரலும் கண்ணின் உதவி இல்லாமல் ஓடும். மூன்றாம் நாள் மதியம் கோப்பைக் கொடுத்தபோது மேலாளர், "எப்படிம்மா ஒரு பிசிறுகூட இல்லாம வந்திருக்கு" என்று வாய் பிளந்தார். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். புகழ்ச்சி காதுக்கு இனிமையாக இருந்ததால் சொல்லவில்லை. அதன்பிறகு சொல்வதற்கு நல்ல நேரம் என்று ஒன்று வரவே இல்லை.

ஒரு பொய்யைக் காப்பாற்ற எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது. மேஜையைச் சுவர் ஓரமாக, திரை யாருக்கும் தெரியாத மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டாள். காலடிச் சத்தம் கேட்டால் விரல்கள் நின்றுவிடும். வலது கை மவுசை எடுத்து வட்டமாகச் சுற்றும். முகத்தில் ஒரு விஞ்ஞானியின் கவலை வந்து உட்காரும். எப்போது கிடைக்கும் என்று கேட்டால், "ஓடிட்டு இருக்கு, அறுபது பக்கம், நாளைக்கு மதியம் வரைக்கும் ஓடும்" என்பாள். ஒருநாள் அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அன்றைக்கு சாஃப்ட்வேரும் ஓடவில்லை. அதைக்கூட யாரும் சந்தேகப்படவில்லை. கெட்டிக்கார சாஃப்ட்வேர், ஆள் பார்த்துத்தான் வேலை செய்யும் என்று ஸ்டோர்காரர் விளக்கம் கொடுத்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். வேலையில் அவள் படு நேர்மை. எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும், எந்தக் கம்பி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதிலெல்லாம் ஒரு புள்ளி மாறாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு தடவை சரிபார்ப்பாள். பன்னிரண்டு வருஷத்தில் அசலில் இல்லாத ஒன்றை அவள் சேர்த்தது ஒரே ஒரு இடத்தில்தான். அது லிஃப்ட் சம்பந்தப்பட்டதல்ல, மாமியார் சம்பந்தப்பட்டது.

மாமியாரும் அவளும் இரண்டு அறை வீட்டில் பதினாறு வருஷம் சேர்ந்து இருந்தார்கள். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில் பதினாறு வருஷமும் சண்டை. இவள் திறப்பாள், அந்த அம்மா மூடுவார். ஆனால் கடைசி நாலு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது தலை வார மட்டும் மருமகளைத் தவிர வேறு யாரையும் விடவில்லை. மகன் சீப்பைத் தொட்டால்கூட கையைத் தட்டிவிடுவார். ஒரு விடியற்காலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். வேர்டக்கா போன் செய்து மூன்று நாள் விடுப்பு கேட்டாள். மேலாளர் கெட்டவர் இல்லை. காகிதத்தில் இருப்பதைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார், அவ்வளவுதான். ஊழியர் விதிமுறையை எடுத்துப் போனிலேயே வாசித்தார். "நெருங்கிய உறவினர்னா தாய், தந்தை, கணவன் அல்லது மனைவி, பிள்ளை. மாமியார் இதுல இல்லையேம்மா." போனால் போகிறது என்று ஒரு நாள் கொடுத்தார்.

மறுநாள் அலுவலகம் வந்தால் அவள் மேஜைமேல் காத்திருந்தது அதே விதிமுறைதான். தலைமை அலுவலகம் அனுப்பிய முப்பத்திரண்டு பக்க பிடிஎஃப். கம்பெனியின் சின்னம் மாறியிருந்ததால் வேர்டுக்கு மாற்றி, முதலாளி கையெழுத்தோடு புதிதாக அச்சடிக்க வேண்டுமாம். அடித்துக்கொண்டே வந்தாள். பதினொன்றாம் பக்கத்தில் அந்தப் பட்டியல் வந்தது. தாய், தந்தை, கணவன் அல்லது மனைவி, பிள்ளை என்று அடித்துவிட்டு, விரல்கள் நிற்காமல் மாமியார் என்று அடித்தன. அழிக்கத்தான் நினைத்தாள். அழிக்க மனசு வரவில்லை. மாமியாரை மட்டும் விட்டால் சந்தேகம் வரும் என்று மாமனாரையும் துணைக்குச் சேர்த்தாள். அதை யாரும் படித்துப் பார்க்கவில்லை. முதலாளி கையெழுத்துப் போட்டார். மாமியார் சட்டமாகிவிட்டார்.

அதற்கப்புறம் ஒன்பது வருஷத்தில் பதினான்கு பேர் அந்த விடுப்பை எடுத்திருக்கிறார்கள். வேர்டக்கா மனசுக்குள் கணக்கு வைத்திருந்தாள். அதில் நாலாவது ஆள், மேலாளர். அவருடைய மாமியார் தவறியபோது புத்தகத்தைப் புரட்டினார், வார்த்தை இருந்தது, மூன்று நாள் எடுத்துக்கொண்டார். முன்பு அது இல்லையே என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அச்சில் இருப்பது அவருக்கு வேதவாக்கு.

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது புது நிர்வாக அதிகாரி வந்து சேர்ந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. குரலை உயர்த்த மாட்டார், எதையும் மறக்க மாட்டார். வந்த இரண்டாம் வாரமே வேர்டக்காவின் கோப்புகளைப் பார்த்து அசந்துபோய், இந்த சாஃப்ட்வேரை நம் மூன்று கிளைகளுக்கும் வாங்கிவிடலாம் என்றார்.

"வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மீட்டிங் ரூம்ல எல்லாருக்கும் செஞ்சு காட்டிடுங்க" என்றார் அதிகாரி. "ஊழியர் விதிமுறையோட அசல் பிடிஎஃப்பை தலைமை அலுவலகத்துல இருந்து வாங்கி வச்சிருக்கேன். அதையே மாத்திக் காட்டுங்க. எப்படியும் இந்த வருஷம் அதைத் திருத்தணும்."

இரண்டு திருட்டும் ஒரே நாளில், ஒரே திரையில், எல்லோர் முன்னிலையிலும் பிடிபடப் போகின்றன என்று அவளுக்குப் புரிந்தது. சாஃப்ட்வேர் இல்லை என்று தெரிந்தால் மானம் போகும். விதிமுறையில் கை வைத்தவள் என்று தெரிந்தால் வேலையே போகும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கணவரிடம் முதல் விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒரு தையல் கடையில் துணி வெட்டுகிறவர். அவருக்கு இதில் என்ன குற்றம் என்றே விளங்கவில்லை. டைப் அடிக்கிறதுக்குத்தானே சம்பளம் தருகிறார்கள், டைப் அடிக்கிறாய், நானும் கையால்தான் வெட்டுகிறேன் என்றார். ரொம்ப உபகாரம் என்று சொல்லிவிட்டு அவள் இரண்டாவது விஷயத்தைச் சொன்னாள். ஒன்பது வருஷமாக அவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது.

"எங்க அம்மாவுக்காகவா?" என்று கேட்டார்.

"உங்க அம்மாவுக்காக இல்ல. எனக்காக. பதினாறு வருஷம் சண்டை போட்ட ஆளு, உறவே இல்லைன்னு மேனேஜர் புஸ்தகத்தைப் பார்த்துச் சொல்லிட்டாரு. கோவம் வந்துச்சு."

வியாழக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. அதற்குள் நிஜமாகவே ஒரு சாஃப்ட்வேரைக் கற்றுக்கொண்டுவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். சாப்பாட்டு இடைவேளையில் ஒன்றை இறக்கி, பழைய கையேடு ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். முதலாளியின் கையெழுத்து லிஃப்ட் மோட்டார் படத்தின்மேல் போய் உட்கார்ந்தது. இன்னொன்றை இறக்கினாள். அது எல்லா எழுத்தையும் சரியாகத்தான் கொண்டுவந்தது, ஆனால் கடைசிப் பக்கத்திலிருந்து. மூன்றாவது ஒன்று மூன்று பக்கம் மாற்றிவிட்டு, மிச்சத்துக்குப் பணம் கட்டு என்றது. இவ்வளவு காலமும் உலகத்தில் எங்கோ நல்ல சாஃப்ட்வேர் இருக்கிறது, தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்திருந்தாள். தான்தான் அந்த நல்ல சாஃப்ட்வேர் என்று தெரிந்ததில் பெருமைப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை மீட்டிங் ரூமில் உட்கார நாற்காலி போதவில்லை. மேலாளர் முன்வரிசையில் நோட்டும் பேனாவுமாக இருந்தார். பக்கத்தில் ஸ்டோர்காரர். அவருடைய மாமியார் இரண்டு வாரமாக ஆஸ்பத்திரியில் இருந்தார். போன் அடித்தபோதெல்லாம் எழுந்து வெளியே போய்விட்டு வந்தார். வேர்டக்கா அவரைப் பார்க்காமலிருக்க முயன்றாள். பிடிஎஃப்பை, இருப்பதில் கொஞ்சம் நல்ல சாஃப்ட்வேரில் போட்டு, சாமியை வேண்டிக்கொண்டு, பட்டனை அழுத்தினாள்.

பெரிய திரையில் விதிமுறை வந்தது. சின்னம் தலைகீழாக நின்றது. வேலை நேரம் என்ற தலைப்புக்குக் கீழே கழிப்பறைத் தூய்மை வந்திருந்தது. பதினொன்றாம் பக்கத்தின் பக்க எண் கீழே இருக்கப் பிடிக்காமல் மேலே ஏறி, இறப்பு விடுப்பு 3 நாள் என்பதில் மூன்றுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. இறப்பு விடுப்பு 113 நாள் என்று இருந்தது.

ஸ்டோர்காரர், மேடம், இதையே வாங்கிடலாம் என்றார். அறையே சிரித்தது. சிரிப்புச் சத்தத்தில் அதற்குக் கீழே இருந்த உறவினர் பட்டியலை யாரும் படிக்கவில்லை. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை.

"நீங்க குடுக்குறது இப்படி இருக்காதே. நீங்க எதுல மாத்துவீங்க?"

இன்றைக்கு இணையம் சரியில்லை, மெஷின் சூடாகிவிட்டது என்று வேர்டக்காவின் மனசில் ஏழெட்டுப் பொய் வரிசையாக வந்து நின்றன. எல்லாவற்றையும் பார்த்து அவளுக்கே அலுப்பாக இருந்தது.

"சாஃப்ட்வேர்னு எதுவும் இல்ல மேடம். நான் பார்த்து டைப் அடிக்கிறேன்."

"முழுசாவா?"

"முழுசா."

பின்வரிசையிலிருந்து ரிசப்ஷன் பெண், அப்போ ஓடிட்டு இருக்குன்னு சொல்வீங்களே அக்கா என்று இழுத்தாள்.

"நான்தான்மா ஓடிட்டு இருந்தேன்."

அதிகாரிக்குக் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. நம்ப முடியாத மாதிரிதான் இருந்தது. சாஃப்ட்வேர் கோப்பை மூடச் சொன்னார். பெரிய திரையில் இடது பாதியில் பிடிஎஃப்பும் வலது பாதியில் வெற்றுப் பக்கமும் வைக்கச் சொல்லி, இதே பதினொன்றாம் பக்கத்தை அடித்துக் காட்டுங்கள் என்றார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக மற்றவர்கள் பார்க்க அடித்தாள். விரல்கள் தொட்டதும் பயம் விட்டுப்போயிற்று. வரிகள் விறுவிறுவென்று இறங்கின. பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மேலாளர் நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டார். மருத்துவ விடுப்பு முடிந்தது, மகப்பேறு விடுப்பு முடிந்தது, இறப்பு விடுப்பு 3 நாள் வந்தது. நெருங்கிய உறவினர் என்பது தாய், தந்தை, கணவன் அல்லது மனைவி, பிள்ளை.

அங்கே அசலில் முற்றுப்புள்ளி இருந்தது. அதை வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனால் அவளுக்கு ஓர் ஆபத்தும் இல்லை. பழைய கதை யாருக்கும் தெரியாமலே போகும். திருத்தப்பட்ட விதிமுறை இதிலிருந்துதான் அச்சாகும். அதில் மாமியார் இருக்க மாட்டார். இரண்டு வாரமாக ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் அலைகிற மனுஷர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவள் கை ஒரு நொடி நின்றது. முற்றுப்புள்ளியை விட்டுவிட்டுக் கால்புள்ளியை வைத்தாள். மாமியார், மாமனார் என்று அடித்தாள். பிறகு முற்றுப்புள்ளி வைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அது இடது பக்கம் இல்லையே" என்றார் அதிகாரி.

"இல்ல மேடம். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி நான்தான் சேர்த்தேன். எங்க மாமியார் செத்த மறுநாள். யாரையும் கேக்கல."

முதலில் ஸ்டோர்காரர் தலை குனிந்தது. பிறகு அங்கங்கே பல தலைகள் குனிந்தன. அந்த மூன்று நாளை எடுத்தவர்கள் பாதி அறை இருந்தார்கள். மேலாளர் எழுந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. நானும் எடுத்திருக்கேன் மேடம், புஸ்தகத்தில் இருந்தது, எடுத்தேன் என்றார். பிறகு வேர்டக்காவின் பக்கம் திரும்பினார். "அப்போ அன்னைக்கு நீ போன் பண்ணப்ப நான்..." என்று தொடங்கியவர் முடிக்காமல் உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி திரையில் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். விதிமுறையைத் தன்னிஷ்டத்துக்கு மாற்றுவது தப்பு, இன்றைக்கு ஒரு நல்ல வார்த்தை, நாளைக்கு வேறு யாராவது வேறு எதையாவது சேர்ப்பார்கள், இதற்கு மெமோ கொடுக்கத்தான் வேண்டும் என்றார். வேர்டக்கா சரி என்று தலையாட்டினாள். இந்த வருஷத் திருத்தத்தில் இந்த இரண்டு உறவையும் முறையாகச் சேர்க்கும்படி தலைமை அலுவலகத்துக்கு எழுதுகிறேன், ஒன்பது வருஷமாக முதலாளியின் கையெழுத்தோடு இருப்பதை அவர்களாலும் சட்டென்று எடுக்க முடியாது என்றார். பிறகு, கேட்காமல் போகவிருந்து ஞாபகம் வந்த மாதிரி கேட்டார்.

"அன்னைக்கு நீங்க எத்தனை நாள் எடுத்தீங்க?"

"ஒரு நாள் மேடம்."

"அப்போ ரெண்டு நாள் பாக்கி இருக்கு. எழுதிக் குடுத்துட்டு எடுத்துக்கங்க."

மெமோவை அடித்துத் தர அலுவலகத்தில் வேறு ஆள் இல்லாததால் அதையும் அவளேதான் அடித்தாள். ஊழியரின் பொறுப்பற்ற செயல் என்ற சொற்றொடரை ஒரு கால்புள்ளிகூட மாற்றாமல் அப்படியே அடித்து, இரண்டு தடவை சரிபார்த்து, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்தும் போட்டாள். பிறகு விடுப்புப் படிவத்தை நிரப்பினாள். காரணம் என்ற இடத்தில் மாமியார் மறைவு என்றும், மறைந்த தேதி என்ற இடத்தில் ஒன்பது வருஷத்துக்கு முந்தைய தேதியையும் எழுதினாள். மேலாளர் வாங்கி, இந்த ஒரு காகிதத்தை மட்டும் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை அவள் குளித்துவிட்டு வந்து சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. ரெண்டு நாள் லீவை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற என்று கேட்டார்.

"உங்க அம்மாவுக்கு அழணும். அன்னைக்கு வந்தவங்களைக் கவனிக்கவே நேரம் சரியாப் போச்சு."

அவர் கடைக்குப் போகாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மத்தியானத்துக்குள் அழுது முடித்துவிட்டாள். இன்னொரு நாளும் கையில் இருந்ததால் மறுநாளும் கொஞ்சம் அழுதாள்.